குழாய் சிவந்தது, கணக்கு உதைத்தது: லாக்டோபேசில்லஸில் செலினியம் ஏற்றிய கதை

முதல் முறை இன்குபேட்டரைத் திறந்தபோது, வரிசையாக வைத்திருந்த ஆறு குழாய்களில் கடைசி இரண்டும் ரோஸ் நிறமாகியிருந்தன. முந்தைய நாள் மாலை எல்லாமே ஒரே வெளிர் பழுப்பு. அவற்றில் கலந்திருந்த செலினைட் (செலினியத்தின் ஒரு உப்பு) கரைசலுக்கு நிறம் கிடையாது. பாக்டீரியா அதை ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான்களைக் கொடுத்து, தனிமச் செலினியமாக மாற்றினால் சிவப்பு வரும் என்று படித்திருந்தேன். உடனே படம் எடுத்து அனுப்பிவிட்டு மேடத்தைக் கூப்பிட்டேன்.

"சிவந்துடுச்சு மேடம்!"

"சரி, பாக்டீரியா போடாத குழாய் எப்படி இருக்கு?"

அப்படி ஒரு குழாயை நான் வைக்கவே இல்லை. அடுத்த நான்கு மாதங்கள் எப்படிப் போகும் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே முடிவாகிவிட்டது. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

வேலை இதுதான். புரோபயாட்டிக் வகை பாக்டீரியா ஒன்றைச் சோடியம் செலினைட் கலந்த ஊடகத்தில் (வளர்ப்புக் கரைசலில்) நொதிக்கவிட வேண்டும். அது கனிமச் செலினியத்தை உள்ளே இழுத்து, தன் புரதங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு செல்களை அறுவடை செய்து, கழுவி, உறைநிலையில் உலர்த்தினால் செலினியம் செறிந்த தூள் கிடைக்கும். ஈஸ்ட்டை வைத்து இதை வெகுகாலமாகவே செய்து விற்கிறார்கள். செலினிய ஈஸ்ட்டில் இருப்பதில் பெரும்பங்கு செலினோமெத்தியோனின், அதாவது கந்தகத்துக்குப் பதில் செலினியம் உள்ள மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம். லாக்டிக் அமில பாக்டீரியாக்களிலும் இது முடியும், அவற்றில் செலினோசிஸ்டீன் வடிவமும் கண்டறியப்பட்டுள்ளது. நான் எடுத்துக்கொண்டது லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம். 2020இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தை உடைத்துப் பல பேரினங்களாக்கியபோது இதற்கு லாக்டிபிளாண்டிபேசில்லஸ் என்று பெயர் மாறிவிட்டது. குழாயின் மேல் ஒட்டும் சின்ன லேபிளில் அதை எழுத இடம் இல்லை என்பதால் எங்கள் ஃப்ரீசரில் அது இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

பாக்டீரியா ஏன் செலினியத்தை உள்ளே விடுகிறது? தனிம அட்டவணையில் செலினியம் கந்தகத்துக்கு நேர் கீழே, 16ஆம் தொகுதியில் இருக்கிறது. இரண்டின் குணமும் கிட்டத்தட்ட ஒன்று. மெத்தியோனின் கட்டும் இயந்திரம், கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் செலினியம் வந்து உட்கார்ந்தாலும் கண்டுகொள்வதில்லை. செலினோசிஸ்டீன் சங்கதி வேறு. வழக்கமாக 'நிறுத்து' என்று பொருள்படும் யூஜிஏ குறியீட்டையே அதற்கான குறியீடாகப் படிக்கப் பல உயிர்களிடம் தனி ஏற்பாடு உண்டு. அதனால்தான் அதை 21ஆவது அமினோ அமிலம் என்கிறார்கள்.

செய்முறைக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சோடியம் செலினைட் நஞ்சு. அமெரிக்கக் கணக்குப்படி பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு வேண்டிய செலினியம் 55 மைக்ரோகிராம், அவ்வளவுதான். அமெரிக்காவில் மேல்வரம்பு 400 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதை 255 ஆக வைத்தது. தேவைக்கும் ஆபத்துக்கும் நடுவே இவ்வளவு குறுகிய சந்து உள்ள சத்துகள் அதிகம் இல்லை. 2008இல் அமெரிக்காவில் ஒரு சத்து திரவத்தில் அளவு தவறி, 200 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 40,800 இருந்தது. 10 மாநிலங்களில் 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். முடி கொட்டியது, நகம் நிறம் மாறி நொறுங்கியது, மூட்டு வலித்தது. தயிர் உறைய வைப்பது போல வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது. நிறுப்பது ஃப்யூம் ஹூட்டுக்குள் (நச்சுக் காற்றை வெளியே இழுக்கும் அடைப்பு), கையுறையோடு. செலினியக் கழிவுக்குத் தனிக் கேன், தொட்டியில் ஊற்றக்கூடாது. விளைந்த தூளை யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. கடைசி விதியை யாராவது மீறுவார்களா என்று சிரித்தேன். ஆய்வகத்தில் தான் நொதிக்க வைத்ததை ருசி பார்த்தவர்களின் பட்டியல் நீளம் என்றார் மேடம்.

முதல் சறுக்கல் தராசிலேயே நடந்தது.

லிட்டருக்கு 1000 மி.கி. செலினியம் உள்ள மூலக்கரைசல் வேண்டும். நான் 100 மி.லி. நீரில் 0.1 கிராம் சோடியம் செலினைட்டைப் போட்டுக் கலக்கி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் தள்ளி, '1000' என்று எழுதி வைத்தேன். அது செலினைட்டின் அளவு, செலினியத்தின் அளவு கிடையாது. சோடியம் செலினைட்டின் மூலக்கூறு எடை 172.9. அதில் செலினியம் 79, அதாவது சுமார் 46 சதவீதம். சரியாகப் போட வேண்டியது 0.219 கிராம். ஆக, இரண்டு வாரமாக மி.லி.க்கு 5 மைக்ரோகிராம் என்று நோட்டில் எழுதியதெல்லாம் உண்மையில் 2.3. பழைய பக்கங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசை அண்ணன் எட்டிப் பார்த்து, "பாட்டில்ல நீர் மூலக்கூறு இருக்கான்னு பார்த்தியாப்பா?" என்று கேட்டார். வயிற்றைக் கலக்கியது. ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த வடிவமும் விற்பனையில் உண்டு, அதில் செலினியம் 30 சதவீதம்தான், 0.333 கிராம் போட வேண்டும். நல்லவேளை, எங்களிடம் இருந்தது நீரற்ற வகை. யாருடைய கட்டுரையைப் படித்தாலும் அவர்கள் சொல்லும் அளவு செலினைட்டுக்கா, செலினியத்துக்கா என்று முதலில் பார்ப்பது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. பலர் அதைத் தெளிவாக எழுதுவதில்லை.

இரண்டாவது சறுக்கல்தான் மேடத்தின் கேள்விக்கு விடை.

ஊடகம் எம்ஆர்எஸ். டி மான், ரோகோசா, ஷார்ப் மூவரும் 1960இல் வெளியிட்ட கலவை. பெப்டோன், மாட்டிறைச்சிச் சாறு, ஈஸ்ட் சாறு, லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், கொஞ்சம் அசிடேட், சிட்ரேட், மெக்னீசியம், மாங்கனீஸ். லாக்டோபேசில்லஸ் வளர்க்கும் எல்லோர் கையிலும் இருப்பது. அதோடு நான் 0.05 சதவீதம் சிஸ்டீனும் சேர்த்திருந்தேன். பிஃபிடோபாக்டீரியத்துக்கு அப்படிச் சேர்ப்பார்கள், ஆக்சிஜனைக் குறைக்கும், இதற்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்ற எண்ணம். போதாக்குறைக்கு, செலினைட்டை ஊடகத்தோடே கலந்து 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்திருந்தேன்.

சோதனையைத் திரும்ப வைத்தேன். இந்த முறை ஒவ்வொரு அளவிலும் பாக்டீரியா போடாத ஒரு ஜோடிக் குழாய். காலையில் பார்த்தால், 20 மைக்ரோகிராம் வரிசையில் பாக்டீரியா இருந்த குழாயும் ரோஸ், இல்லாத குழாயும் ரோஸ். என் பாக்டீரியா ஒன்றுமே செய்யாமல் நான் கொண்டாடியிருக்கிறேன்.

காரணம் எளிய வேதியியல். சிஸ்டீனில் உள்ள தயோல் தொகுதி (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) செலினைட்டை ஒடுக்கும். ஒரு செலினைட்டுக்கு நான்கு தயோல்கள் தேவை. என் ஊடகத்தில் 5 மைக்ரோகிராம் செலினியத்துக்கு எதிரே நாற்பது, ஐம்பது மடங்கு சிஸ்டீன் இருந்தது. ஆட்டோகிளேவ் சூட்டில் குளுக்கோஸும் தன் பங்குக்கு ஒடுக்கும். வேடிக்கை என்னவென்றால், இது நுண்ணுயிரியலில் எல்லோருக்கும் தெரிந்த பழைய சமாச்சாரம். சால்மோனெல்லாவைத் தேடுவதற்கு மருத்துவ ஆய்வகங்களில் செலினைட் குழம்பு ஒன்று வைத்திருப்பார்கள், லீஃப்சன் 1936இல் கொடுத்த கலவை. 'ஆட்டோகிளேவ் செய்யாதே, அதிகம் சூடாக்கினால் அடியில் செங்கல் நிறத் தூள் படியும்' என்று அதன் டப்பாவிலேயே போட்டிருக்கும். அந்த டப்பா எங்கள் அலமாரியில் என் தலைக்கு நேர் மேலே இருந்தது.

அப்புறம் முறையை மாற்றினேன். சிஸ்டீன் கிடையாது. ஊடகத்தைத் தனியே ஆட்டோகிளேவ் செய்து, ஆறியபின் வடிகட்டிய செலினைட்டைச் சேர்ப்பது. பாக்டீரியா இல்லாத குழாய் ஒவ்வொரு தடவையும், விதிவிலக்கே இல்லாமல். இன்னொன்றும் சேர்த்தேன்: 80 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துக் கொன்ற செல்கள் போட்ட குழாய். செத்த செல்லின் மேற்பரப்பிலும் செலினியம் ஒட்டும், அதை உயிருள்ள செல்லின் சாதனையாகக் கணக்கெழுதக்கூடாது. இந்த மாற்றங்களுக்குப் பிறகு பாக்டீரியா இல்லாத குழாய்கள் 48 மணி நேரம் வரை பழுப்பாகவே இருந்தன. உயிருள்ள குழாய்களில் 5 மைக்ரோகிராமில் மெல்லிய ரோஸ், 10இல் தெளிவான சிவப்பு. சரி, இப்போது வருகிற சிவப்பு பாக்டீரியாவுடையதுதான்.

அந்தத் தெம்பில் 40 மைக்ரோகிராம் வரை ஏற்றிப் பார்த்தேன். இங்கே ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (ஒளி எவ்வளவு கடந்துபோகிறது என்று அளக்கும் கருவி) என்னை ஏமாற்றியது. 600 நானோமீட்டரில் கலங்கல் தொடக்கத்தில் 0.12, மறுநாள் 0.7. மெதுவாக இருந்தாலும் வளர்கிறது என்று எழுதி வைத்தேன். தட்டில் பரப்பி, உயிருள்ள ஒவ்வொரு செல்லும் பெருகி உண்டாக்கும் புள்ளியை, அதாவது காலனியை, எண்ணியபோது கதை வேறு. நான் விதைத்தது ஒரு மி.லி.க்கு 4 கோடி. மறுநாள் இருந்தது 3 கோடி. வளர்ச்சியே இல்லை, கொஞ்சம் செத்தும் இருக்கிறது. கலங்கல் கூடியது எதனால்? செலினியத் துகள்களால். நூறு முதல் சில நூறு நானோமீட்டர் வரை அகலமுள்ள அந்த உருண்டைகள் ஒளியைப் பிரமாதமாகச் சிதறடிக்கும். கருவியின் கண்ணுக்குச் செல், துகள் இரண்டும் ஒன்றுதான். குறைந்த அளவுகளில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது, வளர்ச்சி நின்ற உயர் அளவுகளில்தான் முழுதாகக் கெடுக்கும். செலினியம் சேர்த்த எந்தக் குழாய்க்கும் கலங்கல் அளவை மட்டும் வைத்து வளர்ச்சிக் கோடு வரைவதை அன்றோடு விட்டேன். காலனி எண்ணுவது கை வலிக்கிற வேலைதான், வேறு வழியில்லை.

தட்டு எண்ணிக்கையின்படி என் இனம் 5 வரை சுகமாக வளர்ந்தது. 10இல் முதல் சில மணி நேரம் முடங்கிக் கிடந்து பிறகு எழுந்தது. 20இல் முக்கி முனகியது. பழக்கினால் தாங்கும் என்று சொல்வார்கள். 1 மைக்ரோகிராமில் தொடங்கி 24 மணிக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றி, 2.5, 5, 7.5 என்று ஏற்றினேன். ஒவ்வொரு படியிலும் மூன்று முறை மாற்றிய பிறகே அடுத்த படி. இரண்டு வாரத்தில் 10இல் இருந்த முடக்கம் குறைந்தது உண்மை. ஆனால் அந்த இரண்டு வாரத்தில்தான் ஒரு விருந்தாளியும் வந்து சேர்ந்தார்.

ஒரு நாள் காலை 7.5 குடுவை, அதுவரை பார்த்ததிலேயே அழகான சிவப்பு. மற்ற எல்லாவற்றையும் விட வேகமாகவும் வந்திருந்தது. இனம் பழகிவிட்டது என்று சந்தோஷம். வழக்கம்போல ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால், நுரை பொங்குகிறது. லாக்டோபேசில்லஸுக்குப் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி கிடையாது, நுரைக்கவே கூடாது. கிராம் சாயம் போட்டுப் பார்த்தால் என் மெல்லிய குச்சிகளுக்கு நடுவே தடித்த குச்சிகள், சிலவற்றில் ஸ்போர் (வித்து). பேசில்லஸ் வகை ஏதோ ஒன்று. அவை செலினைட்டை ஒடுக்குவதில் கெட்டிக்காரர்கள். நான்கு நாள் வேலை ஆட்டோகிளேவுக்குள் போனது. அதிகம் சிவந்த குடுவைதான் கெட்டுப்போன குடுவை. சிவப்பின் மேல் எனக்கு இருந்த கடைசி மரியாதையும் அன்றைக்குப் போய்விட்டது.

ஃப்ரீசரில் இருந்த பழக்கிய இனத்தின் பழைய குப்பியை எடுத்து, ஒரு லிட்டர் அளவுக்குப் போனேன். 37 டிகிரி, தொடக்கத்திலேயே 5 மி.கி. செலினியம், 24 மணி நேரம். பி.எச். 6.2இல் தொடங்கி 3.9இல் முடிந்தது. 4 டிகிரியில் 6000 ஜி விசையில் பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் அடியில் சால்மன் நிற வீழ்படிவு. அதன் அடிவிளிம்பில், குழாயின் கூர்முனையில், ஒரு கருஞ்சிவப்புப் பொட்டு. முதலில் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது அதற்கு அர்த்தம் புரியவில்லை. தனிமச் செலினியம் செல்லை விட ஏறக்குறைய நான்கு மடங்கு அடர்த்தியானது, செல்லுக்கு வெளியே கிடந்த துகள்களும் செல்லோடு சேர்ந்தே கீழே இறங்கிவிடுகின்றன. வீழ்படிவில் இருக்கிற செலினியத்தை எல்லாம் செல்லுக்குள் இருக்கிறது என்று எண்ணினால் தப்புக்கணக்கு.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. ஒட்டியிருக்கும் செலினைட் போக வேண்டும். பாஸ்பேட் தாங்கல் கரைசலில் மூன்று முறை கழுவி, ஒவ்வொரு கழுவு நீரையும் தனியே அளந்தேன். முதல் கழுவலில் நிறைய, இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்று போதும்.

அளவிடுவதில் மட்டும் ஒரு மாதம் போனது. உலர்ந்த தூளில் 0.1 கிராம் எடுத்து நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஹைட்ரைடு (ஹைட்ரஜனோடு சேர்ந்த வாயு) உண்டாக்கும் அணு உறிஞ்சல் கருவியில் படிப்பது திட்டம். எனக்குத் தெரிந்த அளவு செலினியத்தை மாதிரியில் கலந்து, திரும்ப எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்தேன். 71 சதவீதம். எங்கே போயிற்று மீதி? திறந்த பீக்கரில், சூட்டுத் தட்டில், ஏறக்குறைய வறளும் வரை காய்ச்சியிருந்தேன். செலினியம் ஆவியாகிப் போகிற சாதி. மூடிய மைக்ரோவேவ் கலத்துக்கு மாறியதும் 96 வந்தது. இன்னொரு கண்ணியும் உண்டு: நைட்ரிக் அமிலம் செலினியத்தைச் செலினேட் நிலைக்கு (செலினைட்டை விட ஆக்சிஜன் அதிகம் உள்ள வடிவம்) தள்ளினால் அது ஹைட்ரைடே தராது, கருவி 'செலினியம் இல்லை' என்று சொல்லிவிடும். 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 90 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, செலினைட்டாக இறக்கிய பிறகே படிக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் ஐசிபி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பார்கள். அங்கேயும் செலினியத்தின் மிகுதியான ஐசோடோப்பான 80ஐ ஆர்கான் இரட்டை மூலக்கூறு மறைத்துக்கொள்ளும், 78ஐயோ 82ஐயோ பிடித்தாக வேண்டும். இந்தத் தனிமம் எந்தக் கருவிக்கும் எளிதில் பிடி கொடுக்காது போல.

வீழ்படிவில் தனிமச் செலினியம் எவ்வளவு என்று பிரிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1 மோலார் சோடியம் சல்ஃபைடு கரைசலில் ஒரு மணி நேரம் வைத்தால் சிவப்புச் செலினியம் கரைந்து செம்பழுப்புக் கரைசலாகும். செல்களைச் சுற்றி இறக்கிவிட்டு மேல்திரவத்தை 500 நானோமீட்டரில் படிக்கலாம். ஒப்பிடுவதற்கான கரைசல்களுக்கு, தெரிந்த அளவு செலினைட்டை அஸ்கார்பிக் அமிலத்தால் ஒடுக்கி எடுத்த சிவப்புத் தூளைப் பயன்படுத்தினேன். செலினியம் போடாமல் வளர்த்த செல்களையும் இதேபோல் செய்து, அதன் அளவைக் கழிக்க வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் சரியாகக் கழுவாத வீழ்படிவில் சல்ஃபைடை விட்டேன். பி.எச். நான்கில் இருந்த செல்கள். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று ஏறியது, ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஹூட்டுக்குள் செய்ததால் தலைவலியோடு போயிற்று. அமிலக் கழிவுக் கேனையும் சல்ஃபைடு கழிவுக் கேனையும் அறையின் இரு மூலைகளில் வைத்துவிட்டேன்.

சரி, கணக்கு. ஒரு லிட்டரில் போட்டது 5 மி.கி. மேல்திரவத்திலும் கழுவு நீரிலும் 1.1. வீழ்படிவில் 3.2. காணாமல் போனது 0.7. இதில் கொஞ்சம் குடுவைச் சுவரில் ரோஸ் படலமாக ஒட்டியிருந்தது. கொஞ்சம் காற்றோடு போயிருக்கலாம், நுண்ணுயிர்கள் பல செலினியத்தை டைமெத்தில் செலினைடாக்கி வெளியே விடும், பூண்டு வாடை அடிக்கும். என் குடுவையில் அந்த வாடை இருந்ததா என்று கேட்டால், மூக்கை அருகே கொண்டுபோய்ப் பார்க்க நான் தயாராக இல்லை.

உலர் எடை 2.6 கிராம். அப்படியென்றால் கிராமுக்கு 1230 மைக்ரோகிராம் செலினியம். அந்த எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால் யாரும் கை தட்டுவார்கள். ஆனால் சல்ஃபைடில் கரைந்தது 1.9 மி.கி. ஆக வீழ்படிவில் இருந்ததில் ஐந்தில் மூன்று பங்கு வெறும் சிவப்புத் துகள். மீதி 1.3 மி.கி.தான் செல்லின் பொருளோடு சேர்ந்தது, கிராமுக்கு 500. துகள் வீண் என்று நான் சொல்லவில்லை. செலினைட்டை விட அதன் நச்சுத்தன்மை குறைவு, நானோ துகளுக்காகவே பாக்டீரியா வளர்ப்பவர்களும் உண்டு. நான் தேடியது அதுவல்ல. பாக்டீரியாவின் கண்ணோட்டத்தில் பார்த்தால், சிவப்புத் துகள் என்பது அது வேண்டாம் என்று ஒதுக்கிய செலினியம். தாங்க முடியாத அளவுக்கு ஊட்டினால், விஷத்தைக் கரையாத உருண்டையாக்கி ஓரங்கட்டிவிடுகிறது. நான் இத்தனை நாள் அதன் தற்காப்பைப் பார்த்து 'ஏற்றுக்கொண்டது' என்று எழுதியிருக்கிறேன்.

இதை மேடத்திடம் சொன்னபோது, "அப்போ ஏன் ஒரேயடியா கொட்டுற? பசிக்கிற நேரமா பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா குடேன்" என்றார்.

அப்படியே செய்தேன். விதைத்தவுடன் செலினைட் கிடையாது. 4 மணி நேரம் கழித்து, செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கியபின், அரை மி.கி. அடுத்து 6, 8, 10 மணிகளில் இன்னும் மூன்று தவணை. மொத்தம் 2 மி.கி. மெக்னீசியம் சல்ஃபேட்டுக்குப் பதில் மெக்னீசியம் குளோரைடு போட்டுக் கந்தகத்தின் போட்டியைக் குறைக்கவும் பார்த்தேன். அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பெப்டோனிலும் ஈஸ்ட் சாற்றிலும் மெத்தியோனினும் சிஸ்டீனும் குவிந்து கிடக்கும்போது ஒரு சிட்டிகை சல்ஃபேட்டை எடுத்து என்ன ஆகப்போகிறது? அதற்கு முழுக்கத் தெரிந்த பொருட்களால் ஆன ஊடகம் வேண்டும், லாக்டோபேசில்லஸுக்கு அது விலையுயர்ந்த, மெதுவான விவகாரம்.

24 மணி நேரம் கழித்துக் குடுவை பழுப்பாகவே இருந்தது. பாக்டீரியா போடாத குடுவையின் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தால் ஒரு பொடி ரோஸ், அதுவும் சந்தேகம். நான்கு மாதம் முன்பு என்றால் தோல்வி என்று எழுதி ஊற்றியிருப்பேன். வீழ்படிவு வெண்ணெய் நிறம். கூர்முனையில் பொட்டு இல்லை.

போட்டது 2 மி.கி. வெளியே 0.4. வீழ்படிவில் 1.4. காணாதது 0.2. சல்ஃபைடில் கரைந்தது 0.3 மட்டும். உலர் எடை 3 கிராம், அதாவது செல்களும் முன்பை விட நன்றாக வளர்ந்திருக்கின்றன. மொத்தச் செலினியம் கிராமுக்கு 467 மைக்ரோகிராமாக இறங்கிவிட்டது. ஆனால் அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு செல்லோடு சேர்ந்தது, கிராமுக்கு 367. போட்ட செலினியத்தில் எத்தனை பங்கு பயனுள்ள வடிவமானது என்று பார்த்தால் முன்பு கால் பங்கு, இப்போது பாதிக்கு மேல். மூன்று தடவை திரும்பச் செய்தேன், எண்கள் கொஞ்சம் ஆடினாலும் கதை மாறவில்லை. கொன்ற செல் குடுவையில் ஒட்டிக்கொண்ட அளவு மிகச் சொற்பம், அதையும் கழித்தேன்.

'சல்ஃபைடில் கரையாதது' என்பதால் மட்டும் அது செலினோசிஸ்டீனோ செலினோமெத்தியோனினோ என்று ஆகிவிடாது. அதைச் சொல்ல, செல் புரதத்தை நொதியால் செரிக்க வைத்து, திரவ நிறப்பிரிகையில் பிரித்து, ஒவ்வொரு வடிவத்தையும் தனியே அளக்க வேண்டும். சூடான அமிலத்தில் புரதத்தை உடைக்கும் வழக்கமான முறை இங்கே ஆகாது, செலினோசிஸ்டீன் அதிலேயே சிதைந்துவிடும். மாதிரிகள் புரோட்டியேஸ் நொதியில் ஊறிக்கொண்டிருக்கின்றன. கருவிக்கு வரிசையில் எனக்கு முன்னே ஆறு பேர்.

உலர்த்தலில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10 சதவீத கொழுப்பு நீக்கிய பால் தூள் கரைசலில் செல்களைக் கலந்து, உறைய வைத்து, உறைஉலர்த்தியில் இரண்டு நாள். உயிரோடு மிஞ்சியவை ஏறக்குறைய பாதி. டிரெஹலோஸ் என்னும் சர்க்கரை சேர்த்தால் கூடும் என்று நினைக்கிறேன். பால் தூள் சேர்ப்பதால் கிராமுக்கான செலினியம் நீர்த்துப் போகும், அதைக் கணக்கில் மறக்கக்கூடாது. அளவீட்டுக்கான மாதிரியை எப்போதும் பால் தூள் சேர்க்காமல் தனியே உலர்த்துகிறேன். ஆரம்பத்தில் ஒரு தடவை உறைஉலர்த்தி காலியாக இல்லை என்று, 5 மி.கி. குடுவையின் வீழ்படிவை 105 டிகிரி அடுப்பில் வைத்தேன். சால்மன் நிறம் போய்ச் சாம்பல் நிறமாகக் கறுத்து வந்தது. கருகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது, சிவப்புச் செலினியம் சூட்டில் சாம்பல் நிறப் படிக வடிவத்துக்கு மாறிவிடும். 1817இல் இதைக் கண்டுபிடித்த பெர்சீலியஸ், நிலாவின் கிரேக்கப் பெயரான செலினேயை இதற்கு வைத்தார். அந்தச் சாம்பலைப் பார்த்தபோது பெயர் பொருத்தமாகத்தான் பட்டது.

இப்போது இன்குபேட்டரில் அடுத்த சுற்று ஓடுகிறது. ஒரு குடுவைக்கு 2 மி.கி. எட்டுத் தவணையில், இன்னொன்றுக்கு 3 மி.கி. எட்டுத் தவணையில். இரண்டுக்கும் நடுவில் பாக்டீரியா போடாத குடுவை. காலையில் போய்ப் பார்த்தேன், மூன்றும் பழுப்பு.

"எப்படி இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"நிறமே இல்லை மேடம், நல்லா இருக்கு" என்றேன்.